முதலும் வருவாயும்

உணவின்றி உடம்பு இயங்காது; ஆற்றலின்றி ஊர் இயங்காது. வீட்டில் விளக்கு எரிவதும், கழனியில் நீர் பாய்வதும், ஆலையில் நூல் நூற்கப்படுவதும், மருத்துவமனையில் அறுவை நிகழ்வதும் ஆகிய யாவும் இன்று மின்னாற்றலைச் சார்ந்தே நடைபெறுகின்றன. பொத்தானை அழுத்திய அளவில் ஒளி தோன்றுகின்றது. ஆயின், அவ்வொளி எங்கிருந்து வந்தது, எதனைச் செலவிட்டு வந்தது, இன்னும் எத்துணைக் காலம் வரும் என்று எண்ணிப் பார்ப்பவர் நம்முள் சிலரே. அவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

ஓர் ஊரில் இரண்டு குடும்பங்கள் வாழ்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு குடும்பத்தார்க்குப் பாட்டன் புதைத்து வைத்த பொற்குடம் ஒன்று கிடைத்தது. அவர்கள் நாள்தோறும் அதிலிருந்து ஒரு காசு எடுத்துச் செலவு செய்து வளமாக வாழ்ந்தார்கள். மற்றொரு குடும்பத்தார்க்குப் புதையல் ஏதும் இல்லை. ஒரு காணி நிலம் இருந்தது. அவர்கள் ஆண்டுதோறும் உழுது பயிரிட்டு, விளைந்ததை உண்டு வாழ்ந்தார்கள். முதற்குடும்பத்தார் செலவிட்டது முதல். இரண்டாங் குடும்பத்தார் செலவிட்டது வருவாய். முதலை எடுத்து உண்பவர் வாழ்வு தொடக்கத்தில் எளிது, முடிவில் துன்பம். குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்னும் பழமொழி அவர்களை நோக்கியே பிறந்தது போலும். வருவாயைக் கொண்டு வாழ்பவர்க்கு உழைப்பு மிகுதி. மழை பொய்க்குமோ என்னும் கவலையும் உண்டு. எனினும் அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கும் அந்நிலம் அங்கேயே இருக்கும்.

உலகம் ஆற்றலைப் பெறும் வழிகளும் இவ்வாறே இரு வகைப்படும். நிலக்கரி, கல்நெய், இயற்கை எரிவாயு ஆகிய மூன்றும் முதல். ஓடும் நீர், வீசும் காற்று, காயும் கதிரவன் ஆகிய மூன்றும் வருவாய். முன்னவற்றைப் புதைபடிவ எரிபொருள்கள் என்றும், பின்னவற்றைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல்கள் என்றும் அறிவியலார் வழங்குவர்.

நிலக்கரி எவ்வாறு தோன்றியது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். பல கோடி ஆண்டுகட்கு முன்னர்ச் சதுப்பு நிலங்களில் அடர்ந்து வளர்ந்த மரங்களும் செடிகளும் மடிந்து, சேற்றில் அமிழ்ந்து, மண்ணால் மூடப்பட்டன. மேலே மண்ணும் பாறையும் அடுக்கடுக்காகப் படிந்தமையால் அழுத்தமும் வெப்பமும் மிகுந்து, அவை கரியாக மாறின. கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் இவ்வாறே புதையுண்டு கல்நெய்யும் எரிவாயுவும் ஆயின. செடிகள் வளர்ந்தது கதிரவன் ஒளியால் அன்றோ? ஆதலால் நிலக்கரியை எரிக்குங்கால் நாம் பெறுவதும், பண்டைக் காலத்தில் மண்ணுக்குள் அடைபட்ட கதிரவன் வெப்பமே. அதனைச் சேர்த்து வைக்க இயற்கைக்குப் பல கோடி ஆண்டுகள் தேவைப்பட்டன. நாமோ அதனைச் சில நூற்றாண்டுகளில் செலவிட்டு வருகின்றோம்.

இச்செலவு பெருகத் தொடங்கியது இங்கிலாந்து நாட்டில் ஆகும். அங்குச் சுரங்கங்களில் ஊறும் நீரை இறைப்பதற்காக நியூகோமன் என்பார் 1712ஆம் ஆண்டில் நீராவிப் பொறி ஒன்றை அமைத்தார். ஜேம்ஸ் வாட் அதனைத் திருத்திச் சிறந்த பொறியாக்கி 1769ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அதன்பின் ஆலைகளும் புகைவண்டிகளும் நீராவிக் கப்பல்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. 1859ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியா மாநிலத்தில் நிலத்தைத் துளைத்துக் கல்நெய் எடுத்தனர். 1882ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிலும் நியூயார்க் மாநகரிலும் எடிசனின் முயற்சியால் நிலக்கரி எரித்து மின்னாற்றல் ஆக்கும் நிலையங்கள் இயங்கத் தொடங்கின. இவ்வாறு மண்ணுக்குள் கிடந்த கரி, கம்பி வழியே ஓடும் ஒளியாக மாறிற்று.

தமிழ்நாட்டின் வரலாறு இதனினும் சற்று வேறுபட்டது. நம் நாட்டில் பெரிய அளவில் மின்னாற்றல் ஆக்கும் பணிக்கு முதலில் துணை நின்றது நீரேயாகும். நீலகிரி மலையில் பைக்காரா ஆற்றின் வீழ்ச்சியைக் கொண்டு 1932ஆம் ஆண்டில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கோயம்புத்தூர்ப் பகுதியில் பஞ்சாலைகள் பெருகியதற்கு அம்மின்னாற்றல் பெருந்துணை புரிந்தது. பின்னர் மேட்டூரிலும் பாபநாசத்திலும் நீர்மின் நிலையங்கள் எழுந்தன. ஆகவே, வருவாயைக் கொண்டு வாழ்தல் நமக்குப் புதிதன்று; நாம் தொடங்கியதே அவ்வழியில்தான்.

ஆனால் அவ்வருவாய் போதவில்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் அணைகளில் நீர் குறைந்தது. நீர் குறையவே மின்னாற்றலும் குறைந்தது. ஊர்களோ விளக்கை எதிர்நோக்கிக் காத்திருந்தன. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் அரிக்கேன் விளக்கின் முன்னரே நாங்கள் படித்தோம். கண்ணாடியைச் சாம்பலால் துடைத்துத் திரியைத் தூண்டுவது என் மாலைக் கடமை. மண்ணெண்ணெய் தீர்ந்த இரவில் படிப்பும் தீர்ந்துவிடும். எங்கள் வீட்டில் மின்விளக்கு முதன்முதலாக எரிந்த அன்று, என் பாட்டியார் அதனை நோக்கிக் கைகூப்பித் தொழுதார். அவ்விளக்கு நீரால் எரிந்ததோ கரியால் எரிந்ததோ என்று அன்று எவரும் வினவவில்லை; வினவ வேண்டிய தேவையும் இல்லை. இருள் நீங்கியதே பெரிதாக இருந்தது. இன்று நிலக்கரியின் தீமையைப் பேசுவோர், அது செய்த நன்மையையும் மறத்தல் ஆகாது.

அந்நன்மைக்குத் தமிழ்நாட்டில் முதன்மையான சான்று நெய்வேலி ஆகும். அன்றைய தென்னார்க்காட்டு மாவட்டத்தில், இன்றைய கடலூர் மாவட்டத்தில், உள்ளது அவ்வூர். 1930ஆம் ஆண்டுகளில் அங்கு வாழ்ந்த நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் ஒன்று வெளிப்பட்டது. அது பழுப்பு நிலக்கரி என்பது ஆய்வினால் உறுதியாயிற்று. காமராசர் முதலமைச்சராக விளங்கிய காலத்தில், 1956ஆம் ஆண்டில், அதனை எடுப்பதற்கென நடுவண் அரசின் நிறுவனம் ஒன்று தோன்றியது. மறு ஆண்டில் தலைமை அமைச்சர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961ஆம் ஆண்டில் நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. 1962ஆம் ஆண்டில் சோவியத் நாட்டின் உதவியோடு அமைந்த அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மழை பெய்தாலும் பொய்த்தாலும் குறையாத மின்னாற்றலை அது தந்தது. எத்தனையோ சிற்றூர்களில் விளக்கெரிந்ததற்கும், எத்தனையோ கிணறுகளில் மின்னிறைப்பி ஓடியதற்கும் நெய்வேலியின் கரி காரணமாயிற்று.

எனினும், எப்பொருளுக்கும் விலை ஒன்று உண்டு. நெய்வேலிக் கரியின் விலை பணத்தால் மட்டும் கொடுக்கப்படவில்லை. சுரங்கம் விரிய விரிய, ஊர்களும் வயல்களும் இடம்பெயர வேண்டியிருந்தது. தலைமுறை தலைமுறையாக உழுத மண்ணை விட்டு மக்கள் குடிபெயர்ந்தனர். மேலும், நிலக்கரிப் படுகைக்கு அடியில் மிக்க அழுத்தமுடைய நிலத்தடி நீர் உள்ளது. அதனை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தாலன்றி, அந்நீர் பீறிட்டெழுந்து சுரங்கத்தை மூழ்கடித்துவிடும். ஆதலின் இரவும் பகலும் ஓயாது நீர் இறைக்கப்படுகின்றது. நாம் அழுத்தும் ஒரு பொத்தானுக்குப் பின்னால் பிறர் இழந்த வயலும் இறைக்கப்பட்ட நீரும் உள்ளன என்பதை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

கண்ணுக்குப் புலனாகாத விலை ஒன்றும் உண்டு. நம் வீட்டு மின் கட்டணத்தைக் கணக்கிடும் அலகை யூனிட் என்பர். பழுப்பு நிலக்கரியைக் கொண்டு ஒரு யூனிட் மின்னாற்றல் ஆக்க ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கரி வேண்டும். அதனை எரிப்பதால் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் அளவில் கரியமில வாயு வெளிப்படுகின்றது. இவ்வாயு நிலவுலகைச் சுற்றிப் போர்வைபோல் நின்று, கதிரவனால் பெற்ற வெப்பம் வெளியேறாதபடி தடுக்கின்றது. மெல்லிய போர்வை உயிர்களுக்கு இன்றியமையாதது. அது இல்லையாயின் உலகம் பனிக்கட்டியாய் உறைந்துவிடும். போர்வை தடித்தால் வெப்பம் மிகும். நிலக்கரி எரிப்பதால் உலகம் வெப்பமுறக் கூடும் என்பதைச் சுவீடன் நாட்டு அறிஞர் அரேனியசு 1896ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுக் காட்டினார்.

அவர் கணக்கு பொய்க்கவில்லை. ஆலைகள் பெருகுவதற்கு முன்னர்க் காற்றில் பத்து இலட்சம் பங்குக்கு 280 பங்கு அளவில் இருந்தது கரியமில வாயு. அவாய்த் தீவின் மௌனா லோவா மலைமீது 1958ஆம் ஆண்டு முதல் அதனை இடைவிடாது அளந்து வருகின்றனர். அளக்கத் தொடங்கியபோது ஏறத்தாழ 315 பங்காக இருந்தது, இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. 2024ஆம் ஆண்டின் சராசரி வெப்பம், ஆலைகள் பெருகுவதற்கு முந்திய நிலையைவிட ஒன்றரைப் பாகை அளவுக்கு மேல் உயர்ந்திருந்தது. ஒன்றரைப் பாகை என்பது சிறிதெனத் தோன்றலாம். நம் உடம்பின் வெப்பம் ஒன்றரைப் பாகை உயர்ந்தால் அதனைக் காய்ச்சல் என்கின்றோம், படுத்துவிடுகின்றோம். உலகுக்கும் அஃதொப்பதே. பனிமலைகள் உருகுகின்றன, கடல் மட்டம் உயர்கின்றது, ஓரிடத்தில் பெருமழையும் மற்றோரிடத்தில் கடும் வறட்சியும் மிகுகின்றன. ஆகவே, முதல் தீர்ந்துவிடும் என்பதனினும் பெரிய அச்சம் ஒன்று நம்முன் நிற்கின்றது. அது தீர்வதற்கு முன்னரே அதனை எரித்த புகை நம்மைத் தீர்த்துவிடலாம்.

இனி, வருவாயின் பக்கம் திரும்புவோம். மேற்குத் தொடர்ச்சி மலை தமிழ்நாட்டின் மேற்கெல்லையில் மதில்போல் நிற்கின்றது. அம்மதிலில் சில வாயில்கள் உள்ளன. பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய் என்பன அவை. தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி, இவ்வாயில்களின் வழியே விரைந்து பாய்கின்றது. வைகாசி முதல் புரட்டாசி வரை அக்காற்றின் வேகம் மிகுதி. 1986ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்கு அருகில் அரசின் முயற்சியால் காற்றாலைகள் சில முதன்முதலாக நிறுவப்பட்டன. பின்னர் ஆரல்வாய்மொழிக்கு அருகில் முப்பந்தல் பகுதியில் ஆயிரக்கணக்கான காற்றாலைகள் எழுந்தன. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கே உடுமலைப்பேட்டை, பல்லடம் ஆகிய பகுதிகளிலும் அவை பெருகின. இன்று தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டுக்கும் மேலாகும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று களத்தில் நெல் தூற்றிய நம் முன்னோர் கூறினர். அக்காற்றே இன்று விளக்கும் எரிக்கின்றது.

கதிரவன் ஒளியை நேரே மின்னாற்றலாக்கும் முறையும் வளர்ந்துள்ளது. ஒளி சில பொருள்களின்மேல் படுங்கால் மின்னோட்டம் பிறக்கும் என்பதைப் பிரஞ்சு அறிஞர் பெக்கரல் 1839ஆம் ஆண்டில் கண்டறிந்தார். மணலிலிருந்து பெறப்படும் சிலிக்கான் என்னும் பொருளால் ஆன ஒளிமின்கலத்தை 1954ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் உருவாக்கினர். தொடக்கத்தில் மிக்க விலையுடையதாக, விண்கலங்களுக்கு மட்டும் உரியதாக இருந்த அக்கலம், இன்று வீட்டுக் கூரையிலும் இடம்பெற்றுள்ளது. இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016ஆம் ஆண்டில் 648 மெகாவாட் திறனுடைய சூரிய ஒளி மின்நிலையம் அமைந்தது. மழை குறைந்த வறண்ட நிலம் என்று பெயர் பெற்ற அப்பகுதிக்கு வெயிலே விளைச்சலாயிற்று.

காற்றும் வெயிலும் இவ்வளவு இருக்க, நாளையே நிலக்கரியை நிறுத்திவிடலாகாதோ என்று நீங்கள் வினவலாம். வினா நன்று, ஆனால் விடை எளிதன்று. திருவள்ளுவர் பொருட்பாலில் அரசர்க்குரிய நெறிகளைக் கூறுங்கால் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். ஒரு வினையை மேற்கொள்வோன் அதற்குரிய வலிமையையும் காலத்தையும் இடத்தையும் ஆராய்ந்த பின்னரே இறங்குதல் வேண்டும் என்பது அவ்வைப்புமுறையின் பொருள். மின்னாற்றலை ஆளும் அரசுக்கும் இம்மூன்றும் வேண்டும்.

முதலாவது வலியறிதல். ஒரு மெகாவாட் திறனுடைய நிலையம் இரவும் பகலும் இடையறாது இயங்குமாயின் ஒரு நாளில் 24,000 யூனிட் தரும். அதே திறனுடைய சூரிய ஒளி நிலையம், கதிரவன் உள்ள நேரத்தில் மட்டும் இயங்குவதால், ஒரு நாளில் ஏறத்தாழ 4,000 முதல் 5,000 யூனிட் வரையே தரும். ஆகவே, நிறுவிய திறன் வேறு. விளைந்த மின்னாற்றல் வேறு. 2025ஆம் ஆண்டில் இந்திய நாட்டில் நிறுவப்பட்ட மொத்தத் திறனில் பாதி, புதைபடிவ எரிபொருளைச் சாராததாக ஆயிற்று. இது பெருமைக்குரியது. ஆயினும் நாட்டில் விளையும் மின்னாற்றலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிலக்கரியே தருகின்றது. முதற்செய்தியை மட்டும் கேட்டு மகிழ்பவரும், இரண்டாவதை மட்டும் கேட்டு மனம் தளர்பவரும் வலியறிந்தவர் ஆகார். காற்றாலைக்கும் இரும்பு வேண்டும், ஒளிமின்கலத்திற்கும் நிலம் வேண்டும், இரண்டிற்கும் பெரும்பொருள் வேண்டும் என்பதும் இவ்வறிவின்பாற்படும்.

வலிமையுள் செலவும் அடங்கும். வருவாய் சிறிதாயினும் செலவு அதனை மீறாதாயின் கேடில்லை என்னும் கருத்தை வலியறிதல் அதிகாரத்திலேயே வள்ளுவர் அமைத்துள்ளார். பழைய 60 வாட் குமிழ் விளக்கு ஏறத்தாழ பதினேழு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட் செலவாகும். அதே அளவு ஒளி தரும் 9 வாட் எல்.இ.டி. விளக்கு, அந்த ஒரு யூனிட்டைக் கொண்டு நூறு மணி நேரத்திற்கு மேல் எரியும். எரிக்காத கரியே தூய்மையான கரி; செலவிடாத யூனிட்டே மலிவான யூனிட்.

இரண்டாவது காலமறிதல். கதிரவன் நண்பகலில் மிக்க ஆற்றல் தருகின்றான். மக்கள் விளக்கேற்றுவதோ அவன் மறைந்த பின்னர். பருவக்காற்று ஆடியில் ஆரவாரித்து வீசுகின்றது, மாசியில் அடங்கிவிடுகின்றது. மின்னாற்றலோ, நெல்லைப்போல் குதிரில் கொட்டி வைக்கத்தக்க பொருளன்று. விளைந்த கணத்திலேயே செலவாக வேண்டும். ஆகவே, அதனை வேறு வடிவில் மாற்றிச் சேமித்தல் வேண்டும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, கோயம்புத்தூர் மாவட்டத்து ஆனைமலைப் பகுதியில் உள்ள காடம்பாறை நீரேற்று மின்நிலையம் ஆகும். அங்கு மலைமேல் ஒரு நீர்த்தேக்கமும் கீழே ஒரு நீர்த்தேக்கமும் உள்ளன. மலையைக் குடைந்து மின்நிலையம் அமைத்துள்ளனர். மின்னாற்றல் மிகுந்துள்ள நேரத்தில் அதனைக் கொண்டு கீழுள்ள நீரை மேலே ஏற்றுவர். தேவை மிகுந்த நேரத்தில் மேலுள்ள நீரைக் கீழே பாயவிட்டு மின்னாற்றல் பெறுவர். 1980ஆம் ஆண்டுகளின் இறுதியில் இயங்கத் தொடங்கிய அந்நிலையத்தின் திறன் 400 மெகாவாட். நான்கு பங்கு கொடுத்தால் ஏறத்தாழ மூன்று பங்கே திரும்பி வரும். ஆயினும் வீணாக விடுவதனினும் அது மேலன்றோ? இவ்வாறே பெரிய மின்கல அடுக்குகளில் பகல் வெயிலைச் சேமித்து மாலையில் பயன்படுத்தும் முறையும் பரவி வருகின்றது. நண்பகலில் மிகுந்ததை மாலைக்கு வைப்பது, அறுவடையில் மிகுந்ததைக் கோடைக்கு வைக்கும் உழவன் அறிவேயாகும்.

மூன்றாவது இடனறிதல். காற்று வீசுவது கணவாயில். மின்னாற்றல் தேவைப்படுவது பெருநகரங்களில். இடையே உயர் அழுத்த மின்வழிகள் இல்லையாயின் விளைந்தும் பயனில்லை. காற்று மிக்கு வீசிய சில ஆண்டுகளில், விளைந்த மின்னாற்றல் முழுவதையும் ஏற்க இயலாமல் காற்றாலைகளை நிறுத்தி வைக்க நேர்ந்தது. மற்றொரு புறம், 2012ஆம் ஆண்டில் தமிழ்நாடு நீண்ட மின்வெட்டினால் துன்புற்றது. விசைத்தறிகள் நின்றன; சிற்றாலைகளில் தொழிலாளர் கூலி இழந்தனர்; என் மாணாக்கர் மெழுகுவத்தி வெளிச்சத்தில் தேர்வுக்குப் படித்தனர். அரிக்கேன் விளக்குக் காலம் மீண்டதோ என்று நான் அன்று வருந்தினேன். வடபுலத்திலிருந்து வேண்டிய அளவு மின்னாற்றலைக் கொணரவும் அன்று போதிய மின்வழி இல்லை. 2013ஆம் ஆண்டின் இறுதி நாளில் தென்னிந்திய மின்தொகுப்பு நாட்டின் ஏனைய தொகுப்போடு இணைந்தது. பின்னர்ச் சத்தீசுகர் மாநிலத்து ராய்கரிலிருந்து தமிழ்நாட்டுப் புகளூர் வரை 6,000 மெகாவாட் கொண்டு செல்லவல்ல நெடுவழி ஒன்று அமைந்தது. வடக்கின் கரி மின்னாற்றல் அவ்வழியே தெற்கே வரலாம். தெற்கின் காற்று மிகுந்த நாளில் அம்மின்னாற்றல் வடக்கே செல்லவும் கூடும். ஓரூரில் மழை பொய்த்தாலும் மற்றோர் ஊர் நெல் கொடுத்து உதவுவது போன்றது இது.

இம்மூன்றையும் ஆராய்ந்து படிப்படியாகச் சென்றால் மாற்றம் கைகூடும் என்பதற்கு இங்கிலாந்து நாடே சான்று. நிலக்கரி மின்னாற்றலை 1882ஆம் ஆண்டில் தொடங்கிய அந்நாடு, தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் மூடியது. 142 ஆண்டு வரலாறு ஒரு நாளில் முற்றுப்பெற்றது. அதற்கு வடகடற் காற்று பெரிதும் உதவியது. எனினும் எரிவாயுவை அந்நாடு இன்னும் முற்றாக விட்டுவிடவில்லை. நம் நெய்வேலியிலும் 1962ஆம் ஆண்டில் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றது. அதன் இடத்தைப் புதிய அனல்மின் நிலையம் ஒன்று ஏற்றுள்ளது. அந்நிறுவனமே சூரிய ஒளி மின்நிலையங்களையும் அமைத்துள்ளது. முதலும் வருவாயும் ஒரே கணக்கேட்டில் அருகருகே எழுதப்படும் காலம் இது.

இம்மாற்றத்தில் மறக்கலாகாத ஓர் அறமும் உண்டு. சுரங்கத்திற்கு நிலம் கொடுத்தவர், சுரங்கத்தில் உழைத்தவர், கரி சுமந்த கப்பலிலும் வண்டியிலும் வேலை செய்தவர் ஆகிய பல்லாயிரவர் வாழ்வு நிலக்கரியோடு பிணைந்துள்ளது. இத்தனை ஆண்டுகள் நமக்கு விளக்கேற்றியவர்களை, விளக்கு மாறிய நாளில் இருளில் விடுதல் முறையாகாது. அவர்களுக்குப் புதிய தொழில் கற்பித்தலும், தோண்டிய நிலத்தை மீண்டும் பசுமையாக்குதலும் மாற்றத்தின் ஒரு பகுதியாக அமைதல் வேண்டும். அவ்வாறே, நெடுங்காலம் புகைவிட்டுச் செல்வம் சேர்த்த நாடுகள், பின்னே வரும் நாடுகளுக்குப் பொருளும் நுட்பமும் தந்து உதவுதல் கடனாகும். 2015ஆம் ஆண்டில் பாரிசு மாநகரில் உலக நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையும் இக்கடமையை ஏற்றுள்ளது.

2021ஆம் ஆண்டில் கிளாசுகோ நகரில் கூடிய உலக மாநாட்டில், 2070ஆம் ஆண்டுக்குள் நிகரக் கரி வெளியீடு இல்லாத நாடாக ஆவோம் என்று இந்திய நாடு அறிவித்தது. வெளிவிடும் கரியமில வாயுவும், மரங்களாலும் பிறவற்றாலும் உள்வாங்கப்படுவதும் ஒத்திருக்கும் நிலையே அது. அவ்வாண்டில் நான் இரேன். இன்று இப்பாடத்தைப் படிக்கும் நீங்களோ அன்று ஏறத்தாழ என் வயதினராய் இருப்பீர்கள். உங்கள் பேரப்பிள்ளைகள் உங்கள் அருகில் அமர்ந்து படித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் படிக்கும் விளக்கு எதனால் எரியும் என்பது, நீங்கள் பொறியாளராகவோ, உழவராகவோ, ஆட்சியாளராகவோ, வாக்களிக்கும் குடிமக்களாகவோ இருந்து எடுக்கும் முடிவுகளைப் பொறுத்தது.

பாட்டன் புதைத்த பொற்குடம் இன்னும் முற்றும் வெறுமையாகிவிடவில்லை. அதில் எஞ்சியிருப்பதைக் கொண்டு ஏரும் எருதும் விதையும் வாங்குபவன் அறிவுடையவன். அதனையும் உண்டு தீர்ப்பவன் பேதை. நிலக்கரி தந்த செல்வத்தையும் அறிவையும் கொண்டு காற்றையும் கதிரவனையும் ஆளக் கற்றுக்கொள்வோமாயின், முதலைச் செலவிட்டது வீணாகாது. மாணவர்களே, அறையை விட்டு வெளியேறுங்கால் விளக்கை அணைத்துச் செல்லுங்கள். அச்சிறு செயலிலிருந்து அப்பெரும்பணி தொடங்கட்டும்.